மஞ்சள் முகம் சொன்ன சாட்சி

ஆப்பிரிக்கக் காடுகளில் பழம் தின்று வாழும் கழுகு ஒன்று உண்டு. எண்ணெய்ப்பனையின் செம்பழக் குலைமேல் வந்து உட்காரும். அலகால் ஒரு பழத்தைப் பிய்க்கும், காலால் கிளையோடு சேர்த்து அமுக்கிக்கொள்ளும், மேல் சதையை நார் நாராக உரித்துத் தின்னும். ஆற்றோர நண்டு, நத்தை, தவளை, செத்த மீன் என்று கிடைத்ததையும் விடாது. ஆனாலும் பிழைப்பு பழத்தில்தான். லாண்ட்ஸ்பரோ தாம்சனும் ரெஜினால்ட் மோரோவும் 1957-இல் 'ஐபிஸ்' என்ற பறவையியல் இதழில் இதன் உணவுப் பழக்கத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். வளர்ந்த பறவையின் இரையில் 60 விழுக்காட்டுக்கு மேலும், இளம் பறவையின் இரையில் 90 விழுக்காட்டுக்கு மேலும் பனைப்பழம்தான். வளைந்த அலகும் கூர்நகமும் கொண்ட ஒரு பறவைக்கு இது விசித்திரமான சாப்பாடு.

இந்தப் பறவையைப் பற்றி மும்பை குர்லா நேரு நகரில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு மாலை சொல்லிக்கொண்டிருந்தேன். குர்லா கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம். கேட்டுக்கொண்டே இருந்தவர் குறுக்கே புகுந்தார்.

"இதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போவணுமா தம்பி? எங்க கழுக்குன்றத்து மலைக்குத் தெனம் உச்சிவேளையில ரெண்டு கழுகு வரும். சர்க்கரைப் பொங்கல்தான் துன்னும். பள்ளிக்கூடம் விட்டு ஓடிப்போய் எத்தினி வாட்டி பார்த்திருக்கேன்!"

"எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா ஐயா?"

"ஏன் இல்லாம? ஒடம்பு அழுக்கு வெள்ளை. றெக்கை ஓரம் கறுப்பு. மூஞ்சி மட்டும் மஞ்சத்தண்ணியில முக்கி எடுத்தாப்போல இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது பொங்கல்தான். மாமிசத்துக்கென்றே படைக்கப்பட்ட பறவை அரிசிச் சாதம் தின்றதா? தின்றது என்றால் அது கோயில் பழக்கிய பழக்கமா, அந்தப் பறவையின் இயல்பிலேயே இருந்ததா? இதற்குக் காகிதத்தில் சாட்சி தேடினேன்.

தமிழ்ப் பக்கத்தில் கிடைத்தது முதலில் திருக்கழுக்குன்றத்துத் தலபுராணக் கதை. சிவனிடம் சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் கழுகாகப் பிறந்து, யுகத்துக்கு இருவராக இந்த மலையில் வழிபட்டு விடுதலை பெறுகிறார்கள். கலியுகத்துக்கு மிஞ்சியவர்கள்தான் உச்சிவேளைக்கு வரும் இருவர். காலையில் கங்கையில் நீராடல், நண்பகலில் இங்கே பிரசாதம், பிறகு இராமேசுவரம் என்று அவர்களுடைய ஒரு நாளை ஊரே சொல்லும். மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர். மூவர் தேவாரமும் பெற்ற தலம், மாணிக்கவாசகர் பதிகமும் உண்டு. கழுகின் பெயர் 7-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குன்றுக்கு ஏறிவிட்டது என்பதற்குத் தேவாரம் சாட்சி. ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் பறவைக்குச் சோறு வைத்ததற்குச் சாட்சி ஆகாது. இரண்டையும் ஒன்றாக்கி, 'ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வந்த பறவைகள்' என்று எழுதும் கட்டுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தத் தாவலை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மலை ஏறும் வழியில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில் டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குக் கோட்டையும் துணி வணிகமும் இருந்தன. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்து, வெயிலில் மலையேறி, உளி பிடித்துப் பெயர் வெட்டும் அளவுக்கு அவர்களை இழுத்தது எது என்று அந்தத் தூண் சொல்லவில்லை. பெயரும் ஆண்டும் மட்டுமே அங்கே இருக்கின்றன.

அடுத்த தடயம் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கிடைத்தது. பியேர் சொன்னெரா என்ற இயற்கையாளர் 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் கிழக்கிலும் அலைந்து, 1782-இல் பெரிய பயண நூல் ஒன்றை வெளியிட்டார். நம்மூர்க் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பவர் இவர்தான். அந்த நூலில் ஒரு வெள்ளைப் பாறுவை, அதாவது பிணந்தின்னிக் கழுகை, அவர் விவரிக்கிறார், அதற்கு அவர் இட்ட பெயர் 'செஞ்சியின் பாறு'. ஆம், தேசிங்குராஜன் கோட்டை இருக்கும் அதே செஞ்சி. அந்த விவரணையை வைத்து 1790-இல் ஜான் லாதம் என்ற ஆங்கிலேயர் லத்தீன் பெயர் சூட்டினார். இன்றைக்கும் இந்தியத் துணையினத்தின் பெயர் 'ஜிஞ்சினியானஸ்'. உலகப் பறவை நூல்கள் எல்லாவற்றிலும் செஞ்சி இருக்கிறது, செஞ்சிக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ! நாம் மஞ்சள் முகப் பாறு என்றும், பிற நாட்டார் எகிப்தியப் பாறு என்றும் சொல்வது இதைத்தான். பிற நாட்டுப் பறவைக்கு அலகின் நுனி கறுப்பு, நம்முடையதற்கு அலகு முழுக்க மஞ்சள்.

கழுக்குன்றத்துப் பறவை இதுதான் என்று உறுதிசெய்துகொள்வதற்கே பழைய நூலட்டவணைகளோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆங்கில ஆவணங்களில் அது ஓரிடத்தில் பருந்து, இன்னோரிடத்தில் கழுகு, வேறோரிடத்தில் கருடன். மூன்று தலைப்பிலும் தேடினால்தான் அகப்படும். ஜி.யூ. போப் 1900-இல் வெளியிட்ட திருவாசகப் பதிப்பிலும், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளிலும் இந்தப் பறவைகள் வருகின்றன. இருவருமே கவனித்தது மனிதர்களை, அவர்களுடைய நம்பிக்கையை. பறவையைப் பறவையாகப் பார்த்த கண் வேண்டும் என்றால் பறவை நோக்குவோரிடம்தான் போக வேண்டும்.

குர்லாவில் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, கோட்டைப் பகுதியின் லயன் கேட் வரை நடந்தால் எதிரே ஹார்ன்பில் ஹவுஸ். 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வீடு. சாலிம் அலி உழைத்த இடம். கழகத்தின் பெரிய ஆய்விதழில்தான் விடை இருக்கும் என்று நினைத்துப் போனேன். விடை கிடைத்ததோ ஜாஃபர் ஃபுதேஹாலி நடத்திய 'பறவை நோக்குவோர் செய்திமடல்' என்ற எளிய பத்திரிகையில். பம்பாயில் தட்டச்சு செய்து உருட்டுப்படி எடுத்துத் தொடங்கப்பட்டது அது. ஆசிரியரும் வழக்கறிஞரும் ரயில்வே ஊழியரும் தங்கள் வீட்டுக் கொல்லையில் பார்த்ததை எழுதினார்கள். நம் நாட்டுப் பறவைகளின் அன்றாட வாழ்வு அந்தத் தாள்களில் பதிந்திருக்கும் அளவுக்கு வேறெங்கும் பதிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1977-ஆம் ஆண்டு, 17-ஆம் தொகுதி. நான்காம் இதழில் கே.கே. நீலகண்டன் திருக்கழுக்குன்றத்துப் புனிதப் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 'இந்துசூடன்' என்ற பெயரில் கேரளத்துப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் எழுதிய அதே நீலகண்டன். இரண்டு இதழ் தள்ளி, ஆறாம் இதழில், கிஃப்ட் சிரோமணி வருகிறார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். கோலத்தின் புள்ளிகளையும் இழைகளையும் கணித இலக்கணமாக்கியவர், மாமல்லபுரச் சிற்பங்களை அளந்து காலம் கணிக்க முயன்றவர். கல்வெட்டு, கோலம், பறவை எதைத் தொட்டாலும் ஒரே பொறுமையோடு தொட்ட மனிதர். இப்படி ஒருவர் நம்மிடையே இருந்தார் என்று இன்றைய கல்லூரி மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கழுக்குன்றத்துப் பாறுகளுக்கு அவர் கட்டுரை ஒன்றையே ஒதுக்கினார்.

இந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் காட்சி தெளிகிறது. நண்பகலுக்குச் சற்று முன்பு, கோயிலின் பூசை செய்பவர் பாத்திரத்தோடு பாறைக்கு வருவார். உள்ளே அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த நிவேதனம். பறவைகள் இறங்கி வந்து தின்னும். பெரும்பாலும் நேரம் தவறாது. தவறினால், கூட்டத்தில் பாவி யாரோ இருப்பதாகப் பேச்சு எழும். ஆக, பெரியவர் சொன்னது உண்மை. பாறு பொங்கல் தின்றது, பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டே பறவை ஏன் என்ற கேள்விக்குப் பறவையின் குடும்ப வாழ்க்கையே பதில் வைத்திருக்கிறது. மஞ்சள் முகப் பாறு ஜோடியாக வாழும். ஒரே பாறை இடுக்கில் ஆண்டுக்காண்டு கூடு கட்டும், தன் எல்லைக்குள் வேறு ஜோடியை அண்ட விடாது. ஒரு குன்று, ஒரு ஜோடி. கூண்டில் வளர்க்கப்பட்ட பறவை 37 ஆண்டு வரை வாழ்ந்த பதிவு உண்டு, காட்டில் அதைவிடக் குறைவு. அப்படியானால் போப் காலத்து ஜோடியும் சிரோமணி காலத்து ஜோடியும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரு ஜோடி போய் அடுத்த ஜோடி அதே பாறைக்கு, அதே வேளைக்கு வந்திருக்கிறது. எனக்கு இதுதான் புராணத்தைவிடப் பெரிய அதிசயமாகப் படுகிறது. உச்சிவேளைத் தட்டைப் பற்றிய செய்தியை ஒரு தலைமுறைப் பறவை அடுத்த தலைமுறைக்கு எப்படியோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இனி ஆப்பிரிக்கா. தொடக்கத்தில் சொன்ன பனைப்பழக் கழுகான பழந்தின்னிப் பாறுவுக்கு 1788-இல் லத்தீன் பெயர் வைத்தவர் யோகான் ஃபிரீட்ரிக் க்மெலின். அங்கோலாவின் பெயரைச் சேர்த்து, வல்லூறுகளோடு வல்லூறாக எழுதினார். 2 ஆண்டு கழித்து லாதம் செஞ்சிப் பறவையைப் பாறுகளின் பட்டியலில் போட்டார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, இரண்டும் வெள்ளையும் கறுப்பும், இரண்டுக்கும் முகத்தில் இறகில்லாத வண்ணத் தோல். இருந்தும் வெவ்வேறு அலமாரியில் போய் உட்கார்ந்தன. 2005-இல் ஹெதர் லெர்னரும் டேவிட் மிண்டலும் கழுகுகளின், பாறுகளின் மரபணுவை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு பழைய அலமாரிகளைக் கலைத்தது. நம் ஊரில் சாதாரணமாகப் பாறு என்றதும் நினைவுக்கு வரும் வெண்முதுகுப் பாறு ஒரு கிளை. மஞ்சள் முகப் பாறு அந்தக் கிளையே இல்லை. அது இமயமலையின் தாடிப் பாறு, ஆப்பிரிக்காவின் பழந்தின்னிப் பாறு ஆகியவற்றின் சொந்தம்.

அந்தச் சொந்தக்காரர்களின் சாப்பாட்டைப் பாருங்கள். தாடிப் பாறு எலும்பு தின்னும். பெரிய எலும்பை உயரே தூக்கிப்போய்ப் பாறையில் போட்டு உடைத்து விழுங்கும், அதன் வயிற்று அமிலம் எலும்பையே கரைத்துவிடும். பழந்தின்னிக்குப் பனைப்பழம். மஞ்சள் முகப் பாறு கல்லை அலகில் எடுத்து எறிந்து நெருப்புக்கோழி முட்டையை உடைப்பதை ஜேன் குடாலும் ஹியூகோ வான் லாவிக்கும் 1966-இல் ஆப்பிரிக்காவில் கண்டு எழுதினார்கள். மற்ற பாறுகள் சதைக்கு அடித்துக்கொள்ளும்போது, இந்த வம்சம் மற்றவை தொடாததைத் தின்னக் கற்றிருக்கிறது. பொங்கலைக் கண்டதும் முகம் திருப்பாத பறவை திடீரென்று வந்துவிடவில்லை. கோயில் செய்தது, ஏற்கெனவே இருந்த ஓர் இயல்புக்கு நேரமும் இடமும் குறித்துக் கொடுத்தது மட்டும்தான்.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. நடால் கடற்கரையில் ம்டுன்சினி என்ற சிற்றூர். 1916 வாக்கில் கோசி விரிகுடாவிலிருந்து ராஃபியா பனை விதை கொண்டுவந்து அங்கே நட்டார்கள், நாரில் துடைப்பம் செய்யலாம் என்ற எண்ணத்தில். பனைகள் தோப்பாகிவிட்டன, 1942-இல் தேசியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டன. பழந்தின்னிப் பாறு அங்கே வந்து தங்கிவிட்டது. மனிதர் வேறெதற்கோ செய்த காரியத்தில் தனக்கு ஒரு சாப்பாட்டு மேசை இருப்பதை இந்த வம்சத்துப் பறவை கண்டுபிடித்துவிடுகிறது.

இப்போது பெரியவரின் மஞ்சள் முகத்துக்கு வருகிறேன். 2002-இல் 'நேச்சர்' இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஹுவான் ஹோசே நெக்ரோவின் குழு ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டது. மஞ்சள் முகப் பாறுவின் முகத்தில் இருக்கும் மஞ்சள் கரோட்டினாய்டு என்னும் நிறமிகளால் வருகிறது. இந்த நிறமியைப் பறவை உடலால் உண்டாக்க முடியாது, தின்றுதான் பெற வேண்டும். செத்த உடலின் சதையில் அது மிகக் குறைவு. அப்படியானால் எங்கிருந்து? மாடு, ஆட்டுச் சாணத்திலிருந்து. மேய்ந்த புல்லின் நிறமி சாணத்தில் மிச்சம் இருக்கிறது. பறவை சாணத்தைக் கொத்தித் தின்று முகத்தை மஞ்சளாக்கிக்கொள்கிறது. சாணம் கிடைக்காத கூண்டுப் பறவைகளின் முகம் வெளுத்துப்போகிறது.

கோயில் பாத்திரத்தில் இருந்தது அரிசி, கோதுமை, சர்க்கரை, நெய். நெய்யைத் தவிர வேறெதிலும் மஞ்சள் நிறமி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, நெய்யும் தினம் ஒரு வாய்தான். முகம் மஞ்சத்தண்ணியில் முக்கியது போல இருந்தது என்றால், அந்தப் பறவைகள் பிரசாதத்தில் மட்டும் வாழவில்லை என்பது என் முடிவு. உச்சிவேளைக்கு முன்னும் பின்னும் அவை செங்கல்பட்டு மேய்ச்சல் நிலங்களில், மாடு படுத்த இடங்களில், ஊருக்கு வெளியே செத்த கால்நடை கிடந்த பொட்டல்களில் இருந்திருக்கின்றன. பக்தர்கள் கண்டது பறவையின் ஒரு நாளில் ஒரு நாழிகை. மீதி நாள் முழுக்க அந்த வட்டாரத்து மாடுகளோடுதான். போப்பும் தர்ஸ்டனும் அந்த ஒரு நாழிகையோடு நின்றுவிட்டார்கள்.

1998-ஐ ஒட்டிப் பறவைகளின் வரவு நின்றுபோனது என்பார்கள். பாவம் பெருகிவிட்டது என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. படியேறி வந்த ஏழை சனங்களின் தலையில் அந்தப் பழி விழுந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே ஆண்டுகளில் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. மாடுகளுக்கு வலி நீக்க ஊசியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. பாகிஸ்தானில் வெண்முதுகுப் பாறுகளை ஆராய்ந்து லிண்ட்சே ஓக்ஸின் குழு இதை 2004-இல் நிறுவியது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதே ஆண்டில் வெளிவந்த ரிச்சர்ட் கத்பர்ட் குழுவின் கணக்குப்படி, மஞ்சள் முகப் பாறு 1999-க்குப் பின் ஆண்டுக்கு 35 விழுக்காடு என்ற வேகத்தில் குறைந்துகொண்டிருந்தது. 2007-இல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சதையைக் குறைவாகவும் மற்றதை அதிகமாகவும் தின்னும் பறவையே இந்த வேகத்தில் சரிந்தது என்பதை நான் மறுபடி மறுபடி படித்தேன். பொங்கல் தட்டு கடைசி வரை நிறைந்தேதான் இருந்தது. காலியானது தட்டுக்கு வெளியே இருந்த உலகம்.

மும்பைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மலபார் ஹில்லின் பார்சி அமைதிக் கோபுரங்களில் பாறு வருவது நின்று, சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டியதாயிற்று. குர்லா வானத்தில் இப்போது வட்டமிடுவது கரும்பருந்து மட்டும்தான். தேவனார் குப்பைமேடும் மித்தி ஆற்றங்கரையும் அதற்குப் போதும். தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டும் என்றால் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். மஞ்சள் முகப் பாறு அங்கே எப்போதாவது கண்ணில் படுகிறது. தடைக்குப் பின் நாட்டளவில் அதன் சரிவு வேகம் தணிந்திருக்கிறது என்ற 2014-ஆம் ஆண்டு ஆய்வுதான் இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

ஒரு தடயம் இன்னும் பாக்கி. மஞ்சள் முகப் பாறுவின் குஞ்சு வெள்ளையாக இருக்காது. கரும்பழுப்பாக இருந்து, ஏறக்குறைய 5 ஆண்டில்தான் முழு வெள்ளைக்கு மாறும். ஜோடி தன் பிள்ளையை அந்தப் பாறைக்குக் கூட்டிவந்து தட்டைக் காட்டியிருந்தால், ஏதோ ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு பழுப்புப் பறவை நின்றுகொண்டிருக்க வேண்டும். புராணத்துக்கு இரண்டு பறவை போதும் என்பதால் அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கேமரா அப்படி விட்டுவிடாது. 1970களிலும் 80களிலும் ஊருக்குப் போன மும்பைத் தமிழர்கள் மகாபலிபுரம் பார்த்துவிட்டு அப்படியே கழுக்குன்றத்துக்கும் போனவர்கள். குர்லா, செம்பூர், மாட்டுங்கா, தாராவி வீடுகளின் ஆல்பங்களில் அந்தப் பாறையும் பாத்திரமும் இருக்கும் வண்ணப் படங்கள் நிச்சயம் இருக்கும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். அலகின் நுனி வரை மஞ்சள் ஓடுகிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, சட்டத்தின் விளிம்பில் மூன்றாவதாகப் பழுப்புப் பறவை ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். படத்தின் பின்பக்கத்தில் தேதி எழுதியிருந்தால் அதையும் சேர்த்து ஒரு நகல் எடுத்து வையுங்கள்.